மின்வெப்ப ஏவுகுழலில் பிளாஸ்மா

வெடிமருந்தின் வாயு எறிபொருளுக்குத் தரக்கூடிய வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வாயு விரியும் வேகம் அதனுள் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. ஒலியின் வேகமோ வாயுவின் வெப்பநிலை உயர்ந்தாலும் துகள்களின் எடை குறைந்தாலும் கூடும். ஆகவே, மிகவும் வெப்பமான, இலேசான வாயுவை மின்னாற்றலால் உண்டாக்கி, அதன் அழுத்தத்தால் பொருளை ஏவும் முறை மின்வெப்ப ஏவுமுறை எனப்படுகிறது.

சில மில்லிமீட்டர் துளையுடைய பாலித்தீன் குழலுக்குள் மெல்லிய உலோகக் கம்பியை வைத்து, மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றலை அதன் வழியே ஒரேயடியாகப் பாய்ச்சினால், கம்பி ஆவியாகி மின்வில் தோன்றுகிறது. பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் நொடியின் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே பாயும் அந்த வில்லின் ஒளிக்கதிர்கள் குழலின் உட்சுவரை அரித்து ஆவியாக்க, அந்த ஆவி அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்து, மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகிறது. அதாவது, கம்பி தீர்ந்தபின் வில்லுக்குத் தீனியாவது சுவரே. வெப்பநிலை 10,000 முதல் 30,000 கெல்வின் வரை எட்டினாலும் சுவர் ஒரே கணத்தில் அழிந்துவிடுவதில்லை. புதிதாக எழும் குளிர்ந்த ஆவிப்படலம் நடுவிலிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கிறது. ஆவிக்கேடயம் எனப்படும் இந்தத் தற்காப்பே இத்துறையின் மிக அழகிய நிகழ்வு எனலாம்.

இந்தப் பிளாஸ்மாவை அளப்பதுதான் கடினம். எந்தக் கருவியையும் உள்ளே நுழைக்க முடியாததால், வெளிவரும் ஒளியைப் பிரித்தே ஆராய வேண்டியுள்ளது. சூழ்ந்துள்ள மின்னூட்டத் துகள்களின் மின்புலத்தால் நிறமாலைக் கோடுகள் அகல்வதை ஸ்டார்க் விரிவு என்பர். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடு எவ்வளவு அகன்றுள்ளது என்பதிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி கணிக்கப்படுகிறது. ஆனால் அடர்ந்த பிளாஸ்மா தன் ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், வெளியே தெரிவது பெரும்பாலும் குளிர்ந்த மேற்படலமே. ஆதலால் நிறமாலையோடு மின்னோட்டம், மின்னழுத்தம், வாயு அழுத்தம், சுவர் இழந்த எடை ஆகியவற்றையும் கணிப்பொறி மாதிரிகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுவது முறை.

பீரங்கிகளின் உந்துமருந்து குளிரில் மெதுவாக எரியும் குறையைப் பிளாஸ்மாவால் ஈடுசெய்ய இராணுவ ஆய்வகங்கள் முயன்றுள்ளன. அணுக்கருப் பிணைவுத் துறையிலும் இந்த ஆய்வு பயன்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முகமது பூர்ஹாமின் குழு, சைரன்ஸ் என்னும் மின்வெப்பக் கருவியைக் கொண்டு, பிணைவு உலையின் பிளாஸ்மா கட்டுக்குலைந்து சுவரைத் தாக்கும்போது நேரும் தேய்மானத்தை ஆராய்ந்தது. உறைந்த டியூட்டீரியம் வில்லைகளை உலைக்குள் வேகமாகச் செலுத்தவும் இதே ஏவுமுறை ஆராயப்பட்டுள்ளது.