காளான்வழிக் கன உலோக நீக்கம்

காளான்வழிக் கன உலோக நீக்கம் என்பது மாசடைந்த நீரில் கரைந்துள்ள குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்களைக் காளான்கள் அல்லது பிற பூஞ்சைகளின் உடற்பகுதிகளைக் கொண்டு பிரித்தெடுக்கும் முறையாகும். பூஞ்சைகளால் மாசு நீக்கும் மைக்கோரெமெடியேசன் என்னும் பரந்த துறையின் ஒரு பகுதி இது. எண்ணெய், சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமச் சேர்மங்கள் பலவற்றைப் பூஞ்சைகள் தம் நொதிகளால் சிதைக்க வல்லவை. உலோகமோ ஒரு தனிமம். அதனை எந்த உயிரினத்தாலும் சிதைக்க இயலாது. எனவே காளான் இங்கு உலோகத்தை அழிப்பதில்லை. நீரில் இருந்ததைத் தன்னிடம் ஏற்றுக்கொள்கிறது. சில வேளைகளில் அதன் வேதி வடிவத்தையும் மாற்றுகிறது. காளான் நஞ்சைத் தின்றுவிடுவதாகக் கூறும் செய்திகளைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும்.

செயற்படும் விதம்

நாம் காளான் என்று பறிப்பது பூஞ்சையின் வித்துடல் மட்டுமே. அதன் பெரும்பகுதி மண்ணிலோ மரத்திலோ வைக்கோலிலோ பரவியிருக்கும் நுண்ணிய இழைகளின் வலையாகும். இவ்விழைகளின் செல்சுவரில் கைட்டின், குளுக்கான் ஆகிய பல்சர்க்கரைகளும் புரதங்களும் உள்ளன. இவற்றிலுள்ள கார்பாக்சில், பாசுபேட்டு, அமீன் தொகுதிகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. இது உயிரிப் பரப்புக் கவர்தல் எனப்படும். இதற்குப் பூஞ்சை உயிருடன் இருக்க வேண்டியதில்லை. உலர்த்திப் பொடித்த இறந்த இழைகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றுக்கு உணவு தேவையில்லை, உலோக நஞ்சால் அவை சாவதுமில்லை. நடைமுறையில் இது பெரிய வசதி.

உயிருள்ள பூஞ்சைக்கு வேறு வழிகளும் உண்டு. அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் உலோகத்தைக் கரையாத ஆக்சலேட்டாகப் படியவைக்கும். செல்லினுள் புகுந்த உலோகத்தைக் குளுட்டாதையோன் போன்ற கந்தகமுள்ள சேர்மங்கள் கட்டிவைக்கின்றன.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செசோசு, வோலெசுக்கி ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ரைசோபசு அரைசசு என்னும் பூஞ்சையின் ஒரு கிராம் உலர் இழை, பி.எச். 4இல் 180 மில்லிகிராமுக்கும் மேலான யுரேனியத்தை ஏற்றுக்கொண்டது. இது குடைக் காளான் அன்று, பூசணம். செல்சுவர் ஒத்ததாயிருப்பதால் இரண்டையும் ஒரே தலைப்பில் ஆராய்வது வழக்கம்.

இராணிப்பேட்டைக் குரோமியம்

தமிழ்நாட்டில் இம்முறையைப் பற்றி எண்ணத் தூண்டும் முதன்மையான இடம் பாலாற்றுப் படுகை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலில் குரோமியம் சல்பேட்டு பயன்படுகிறது. இத்தொழிலின் கழிவு நீரைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

இராணிப்பேட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கு 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. மழைநீரில் கரைந்த குரோமியம் நிலத்தடி நீரை அடைந்தது. அமெரிக்காவின் பிளாக்சுமித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது.

இவ்விரு குரோமியங்களும் ஒன்றல்ல. தோல் தொட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். சுண்ணாம்பு இட்டால் அது வீழ்படிவாகிவிடும். அதற்குக் காளான் தேவையே இல்லை. ஆலைக் கழிவுக் குவியலிலிருந்து கசிவதோ அறுவிணைதிறக் குரோமியம். இது புற்றுநோய் ஊக்கி. குரோமேட்டு எதிர்மின் அயனியாக நீரோடு எளிதில் நகரும், சுண்ணாம்புக்கு வசப்படாது. பூஞ்சைக்கு வேலை இருப்பது இங்கேதான். இறந்த ஆசுபெர்சில்லசு நைசர் இழைகளைக் கொண்டு கொரிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அறுவிணைதிறக் குரோமியம் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை. பூஞ்சையின் கரிமப் பொருள் அதற்கு எலக்ட்ரான்களை அளித்து, நச்சுத்தன்மை மிகக் குறைந்த மூவிணைதிற வடிவாக ஒடுக்குகிறது. அதன் பின் சுண்ணாம்பு பலனளிக்கும். ஆனால் இவ்வினை விரைந்து நடக்க நீரின் பி.எச். 2 அளவுக்குத் தாழ வேண்டும். அதற்கு அமிலமும், பின் அதைச் சமன்செய்யக் காரமும் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் இச்செலவைப் பெரும்பாலும் கணக்கிடுவதில்லை.

எவ்வளவு பூஞ்சை வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு லிட்டரில் 20 மில்லிகிராம் குரோமியம் உள்ள 1000 லிட்டர் நீரில் மொத்தம் 20 கிராம் குரோமியம் இருக்கும். ஒரு கிராம் உலர் பூஞ்சை 50 மில்லிகிராம் ஏற்கும் எனக் கொண்டால் 400 கிராம் போதும். தாளில் இது மிக மலிவு. ஆனால் ஏற்புத்திறன் மாறிலி அன்று. செறிவு மிகுந்த கரைசலில் அளந்த 50 மில்லிகிராம், செறிவு குறையக் குறையத் தானும் குறையும். 1918இல் இர்விங் லாங்மியூர் தந்த சமன்பாடு இதையே கூறுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எசு. 10500 (2012) அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் மட்டுமே. முதல் 19 மில்லிகிராமை நீக்குவதினும் கடைசி ஒரு மில்லிகிராமை நீக்குவது கடினம். உண்மையான கழிவு நீரில் உள்ள கால்சியம், சோடியம், சல்பேட்டு முதலியனவும் அதே பிடிப்பிடங்களுக்குப் போட்டியிடும்.

அயனிப் பரிமாற்றப் பிசின்கள் விலை மிகுந்தவையாயினும், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் இயங்குபவை. உயிரிப் பரப்புக் கவர்தலை வணிகமாக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் பரவாமற் போனதற்கு இது ஒரு காரணம்.

சிப்பிக் காளானும் வைக்கோலும்

தென்காசி மாவட்டத்தில் அனுமன் நதியை ஒட்டிய ஆய்க்குடி போன்ற நெல் விளையும் ஊர்களில் இம்முறைக்கான மூலப்பொருள் அரிதன்று. சிப்பிக் காளான் வளர்க்க வைக்கோல் போதும். அறுவடைக்குப் பின் எஞ்சும் படுக்கையில் வைக்கோலும் காளான் இழையும் பின்னிக் கிடக்கும். குப்பைக்குச் செல்லும் இப்படுக்கையையே உலோகம் கவரும் பொருளாக ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர்.

மாணவர்கள் இதனைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். அறுவிணைதிறக் குரோமியத்துடன் டைபீனைல் கார்பசைடு சேர்த்தால் அமிலக் கரைசலில் ஊதா கலந்த சிவப்பு நிறம் தோன்றும். அதை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறமானியால் அளக்கலாம். நிறம் மறைந்தால் குரோமியமே போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது. இச்சோதனை மூவிணைதிறக் குரோமியத்தைக் காட்டாது. மொத்தக் குரோமியத்தை அணு உட்கவர் நிறமாலைமானியில் தனியே அளக்க வேண்டும். சோதனைக்கு எடுக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் நச்சுப் பொருளே. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் ஆய்வு எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே முரணாகும்.

இதே பண்பு உணவுக் காளானுக்குக் கேடாகவும் அமையும். காளான்களின் வித்துடலிலும் காட்மியம், பாதரசம் போன்றவை சேர்கின்றன. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் ஐரோப்பியக் காட்டுக் காளான்களில் சீசியம்-137 பல ஆண்டுகள் காணப்பட்டது. மாசடைந்த நீரைத் தெளித்து வளர்த்த காளானையும், தொழிற்சாலைக் கழிவு நிலத்தில் முளைத்த காளானையும் உண்ணலாகாது. சமைப்பதால் உலோகம் சிதைவதில்லை.

பயன்படுத்திய பூஞ்சை

ஈயம், காட்மியம் ஏறிய பூஞ்சையை நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகம் சிறிதளவு நீரில் செறிவாக வெளிவரும். பூஞ்சையைச் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம். குரோமியம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அதை எரித்துவிடலாம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. காரப்பொருள் கலந்த நிலையில், காற்றில், உயர் வெப்பத்தில் எரித்தால் மூவிணைதிறக் குரோமியம் மீண்டும் அறுவிணைதிற வடிவை அடையக்கூடும். இவ்வாறான கழிவுகள் இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் இடர்மிகு கழிவு விதிகளின்கீழ்க் கையாளப்படுபவை. தமிழ்நாட்டில் இவற்றுக்கான பாதுகாப்பான நிலநிரப்புக் களம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. வைக்கோற்படுக்கை மலிவாகக் கிடைத்தாலும், உலோகம் ஏறிய பின் அதை அங்குவரை கொண்டுசெல்லும் செலவும் முறையின் விலையில் சேரும்.