மதுபோதையில் வாகனம் ஓட்டும் வழக்குகளில் காவல்துறையும் அரசு வழக்கு நடத்துநரும்: தஞ்சை வடிநிலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

காவிரி வடிநிலத்தின் ஊர்ச்சாலைகள் பல, ஆற்றுக் கரைகளையும் வாய்க்கால் கரைகளையும் ஒட்டிச் செல்பவை. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் நெல் ஏற்றிய டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் இக்குறுகிய சாலைகளில் இயங்குகின்றன. இங்கு மது அருந்தி வாகனம் ஓட்டுபவரைத் தடுத்து நிறுத்துபவர் காவலர். அக்குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியவர் அரசு உதவி வழக்கு நடத்துநர். இவ்விருவரும் எக்கட்டத்தில், எவ்வெல்லைக்குள் ஒத்துழைக்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் வேண்டும் சான்று

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருக்க வாகனம் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முதன்முறைக் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாலையிலேயே தொகை பெற்று முடிக்கத்தக்க குற்றங்களுள் இது அடங்காது. வழக்கு நீதிமன்றம் சென்றாக வேண்டும்.

கைதானவரை 2 மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிடில் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. இரத்தத்தில் ஆல்ககால் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில் குறைகிறது. 60 மில்லிகிராமுடன் பிடிபட்டவர் 2 மணி நேரத்தில் சட்ட வரம்பிற்கு இறங்கிவிடக்கூடும். மது வாடை, தள்ளாட்டம் முதலிய குறிகள் மட்டும், இரத்தப் பரிசோதனை இல்லாத நிலையில், போதிய சான்றாகா என 1971-இல் உச்ச நீதிமன்றம் மகாராட்டிர வழக்கொன்றில் கூறியது. எனவே மருத்துவமனையிலிருந்து தொலைவிலுள்ள ஊரகக் காவல் நிலையத்திற்கு நேரமே முதல் இடர்.

ஒத்துழைப்பின் எல்லை

புலனாய்வையும் வழக்கு நடத்துதலையும் பிரிக்க வேண்டும் என்பது 1958-இல் வெளியான சட்ட ஆணையத்தின் 14-ஆம் அறிக்கையின் பரிந்துரை. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த சரளா எதிர் வேலு வழக்கில் (2000), அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெறுமாறு புலனாய்வு அமைப்பை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவும், 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய வழக்குகளில் உதவி இயக்குநருக்குக் கண்காணிக்கும் பணியையே தருகிறது.

ஒத்துழைப்பின் இடம்

குற்றப்பத்திரிகை வழக்கு நடத்துநரிடம் வரும்போது சான்று கரைந்து முடிந்திருக்கும். தவறவிட்ட இரத்த மாதிரியை மீண்டும் எடுக்க இயலாது. எனவே பயனுள்ள ஒத்துழைப்பு, குறிப்பிட்ட வழக்கு எதுவும் தோன்றுமுன் அளிக்கப்படும் பொதுப் பயிற்சியில்தான் அமையும். அதில் வலியுறுத்தத்தக்கவை:

1. சோதிக்கும் காவலர் சீருடையில் இருத்தல்.
2. மூச்சுப் பரிசோதனைக் கருவியின் அளவுத்திருத்தச் சான்றைப் பேணுதல்.
3. கைது நேரத்தையும் பரிசோதனை நேரத்தையும் தனித்தனியே பதிதல்.
4. சோதனைக்கு மறுத்தால் அம்மறுப்பைப் பதிதல். தக்க காரணமற்ற மறுப்பை அரசுத்தரப்புக்குத் துணையான சூழ்நிலையாகக் கொள்ள 205-ஆம் பிரிவு இடமளிக்கிறது.
5. முத்திரையிட்ட இரத்த மாதிரி யார் யாரிடம் கைமாறியது என்பதைக் குறித்தல்.

வழக்கு தோற்றபின் அதற்கான காரணத்தை வழக்கு நடத்துநர் காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதும் இவ்வெல்லையை மீறாது. அடுத்த வழக்கில் அதே குறை நேராமல் காக்கும்.

முடிவுரை

சான்று குறைந்தால் சாலையில் உயிரிழந்தவரின் குடும்பம் நீதியை இழக்கும். எல்லை மீறினால் குற்றம் சாட்டப்பட்டவர் நடுநிலையான வழக்கு நடத்துநரை இழப்பார். வழக்கு தோன்றுமுன் பயிற்சி, முடிந்தபின் பின்னூட்டம், இடையில் விலகி நிற்றல் என்னும் முறையே இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும்.