கூரையா, கொப்புளமா? ‘ஷிங்கிள்ஸ்’ என்றால் என்ன?

கூகுளில் ‘ஷிங்கிள்ஸ்’ என்று தேடினால் ஒரு பக்கம் வீட்டுக் கூரை, இன்னொரு பக்கம் தோல் கொப்புளம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? எதுவும் இல்லை!

கூரையில் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் மெல்லிய மரத்துண்டுதான் ‘ஷிங்கிள்’. 1920-களில் பெண்களிடம் பிரபலமான, பின்கழுத்தை ஒட்டி வெட்டும் ஹேர்ஸ்டைலுக்கும் இதே பெயர். அமெரிக்காவில் ஒரு வக்கீல் ‘ஷிங்கிள் மாட்டிட்டார்’ என்றால், போர்டு வைத்து சொந்தமாக பிராக்டீஸ் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

நோயின் பெயர் வந்த வழியே வேறு. ‘சிங்குலம்’ என்றால் லத்தீனில் இடுப்புக் கச்சை. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டை போலக் கொப்புளம் வருவதால் அந்தப் பெயர்.

நம்மூரில் இதுதான் அக்கி. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்து மீண்டும் கிளம்பும். காவி குழைத்து ‘அக்கி எழுதினால்’ வைரஸ் அடங்காது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன். தாமதித்தால், கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கும் ஆபத்து அதிகம். கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே டாக்டரிடம் போங்க. 50 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது.