தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

குழந்தைகளே சோதித்துப் பார்க்கலாம்!

கண்ணாடி போல் தெளிந்த தண்ணீர். குடித்தால் ருசியாகவும் இருக்கிறது. அப்படியானால் அது நல்ல தண்ணீர்தானே?

"ஆமாம்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். லண்டன் நகரில் 1854-ம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பிராடு தெருவில் ஓர் அடி பம்பு இருந்தது. அதன் தண்ணீர் ருசியானது என்று பெயர் வாங்கியது. ஹாம்ஸ்டெட் என்ற தூரத்து இடத்தில் குடியிருந்த ஓர் அம்மாள், "எனக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும்" என்று வண்டியில் வரவழைத்துக் குடித்தார். காலரா கண்டு இறந்து போனார்!

பம்பைச் சுற்றிலும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பக்கத்தில் இருந்த மலக்குழி கிணற்றில் கசிந்தது பிறகு தெரிந்தது.

ஸ்னோ என்ன செய்தார்? பார்த்தார், கேட்டார், எழுதி வைத்தார். நம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இந்த மூன்றுதான்.

டம்ளர் சோதனை

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடியுங்கள். வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். நிறம் உண்டா? தூசி மிதக்கிறதா? இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் இருக்கிறதா?

எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று நோட்டில் எழுத வேண்டும். மழைக்கு முன்பு ஒரு முறை, மழைக்குப் பின்பு ஒரு முறை சோதிக்க வேண்டும். வித்தியாசம் தெரியும்.

சோப்பு சொல்லும் சேதி

ஒரே அளவான இரண்டு பாட்டில்கள். ஒன்றில் மழைத் தண்ணீர். மற்றொன்றில் ஆழ்குழாய்த் தண்ணீர். குளிக்கும் சோப்பைக் கரைத்து, இரண்டிலும் 10 சொட்டு விட்டுக் குலுக்குங்கள்.

மழைத் தண்ணீர் பொங்கி நுரைக்கும். மற்றதில் நுரை குறைந்து, வெள்ளையாகத் திரிந்தால் அது கடினத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் அதிகம். இது விஷம் அல்ல. ஆனால் சோப்பு அதிகம் செலவாகும். பாத்திரத்தில் உப்புப் படியும்.

குளத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

மீனும் தவளையும் தும்பிப் பூச்சியின் குஞ்சுகளும் பலவிதமாக வாழும் குளத்தில், அவை மூச்சு விடப் பிராணவாயு இருக்கிறது. சாக்கடை கலந்தால் பிராணவாயு குறையும். அவை மறைந்துவிடும்.

அப்போது யார் மிஞ்சுவார்கள்? சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள். பிராணவாயு குறைவாக இருந்தாலும் அவை பிழைக்கும். கொசுப் புழுவும் பிழைக்கும். அது மேலே வந்து, குழல் வழியாகக் காற்றையே சுவாசிக்கிறது!

கண்ணுக்குத் தெரியாத எதிரி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு உப்பு அதிகம். அந்தத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் அதைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். இதைத் தடுக்க ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டு வரும் திட்டம் 2013-ல் தொடங்கியது.

குடிதண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1½ மில்லிகிராம் வரை போகலாம்.

"காய்ச்சினால் சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்!

இதைச் சோதிக்க ஒரு பெட்டி இருக்கிறது. தண்ணீரில் மருந்தைச் சொட்டுவார்கள். நிறம் மாறும். அதை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார்கள். கிருமிக்கு மருந்து வைத்த சிறு குப்பி உண்டு. தண்ணீர் ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், ஒன்றிரண்டு நாளில் கருத்துவிடலாம். கருத்தால், மலம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இந்திய விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட முறை இது.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு 5 பெண்களுக்கு இத்தகைய சோதனையில் பயிற்சி தர ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்கள் சோதிக்கும்போது குழந்தைகளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

சோதனைத் தண்ணீரைக் குழந்தைகள் ருசி பார்க்கக் கூடாது. மருந்தைப் பெரியவர்களே கையாள வேண்டும். குளத்துக்கும் கிணற்றுக்கும் தனியே அனுப்பாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

வீட்டுச் சோதனையில் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், "இது குடிக்க ஏற்றது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால், நேற்றுவரை தெளிவாக இருந்த தண்ணீர் இன்று கலங்கினால், நாறினால், முதலில் கண்டுபிடிப்பது நோட்டில் எழுதி வைத்த குழந்தையாகத்தான் இருக்கும். அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், அதையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.