செல்ஃப் எடுக்காத பழைய வண்டியும் கைமாற்றுக் கரண்டும்



கடை திறக்கும் நேரத்தில் சரக்கு போட வேண்டிய வண்டி கிளம்பவில்லையென்றால் அன்றைய வியாபாரமே பின்தங்கிவிடுகிறது. காலையில் போக வேண்டிய சரக்கு மதியம் போனால், அதற்குள் வேறு வியாபாரி இறக்கிவிட்டுப் போயிருப்பார். நம்மில் பலர் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய மோட்டார் சைக்கிளைத்தான் கடை வேலைக்கு விட்டிருக்கிறோம். அது பட்டனை அழுத்தியும் செல்ஃப் எடுக்காமல் நின்றால் ஒன்று, பையனைத் தள்ளச் சொல்கிறோம். இல்லையேல் உடனே புது பேட்டரி வாங்கிப் போடுகிறோம். இரண்டுக்கும் முன்னால் சற்றுக் கணக்குப் பார்ப்பது நல்லது.

பேட்டரி என்பது நம் கல்லாப் பெட்டி போன்றது. செல்ஃப் மோட்டார் ஒரே நேரத்தில் பெருந்தொகை கேட்கும் கடன்காரர். எஞ்சின் ஓடும்போது மேக்னட்டோவும் ரெகுலேட்டரும் வரவு வைக்கின்றன. வேறு பேட்டரியிலிருந்து வயர் போட்டு வண்டியைக் கிளப்புவது கைமாற்று வாங்குவது போலத்தான். அவசரத்துக்கு அது உதவும். கல்லா ஏன் காலியானது என்று பார்க்காமல் தினமும் கைமாற்று வாங்கினால் கடை நிற்காது.

முதலில் பார்க்க வேண்டியவை

சாவி போட்டதும் நியூட்ரல் விளக்கு எரிகிறதா, கைப்பிடியில் உள்ள எஞ்சின் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். சில வண்டிகளில் கிளட்ச் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். அடுத்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கரண்ட் பாயாது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

கிக்கர் உள்ள வண்டியானால் உதைத்துப் பாருங்கள். மேக்னட்டோவிலிருந்தே பொறி எடுக்கும் பழைய வண்டிகள் பேட்டரி செத்திருந்தாலும் கிளம்பும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கும் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை ஊசி முறையில் செலுத்துவதால், பேட்டரி அடியோடு காலியானால் தள்ளினாலும் பெரும்பாலும் பயன் இராது.

வயர் போடும் முறை

உதவிக்கு வரும் பேட்டரியும் 12 வோல்ட், நம் வண்டியும் 12 வோல்ட் என்று உறுதி செய்யுங்கள். பழைய ராஜ்தூத், யெஸ்டி போன்றவை 6 வோல்ட் வண்டிகள். அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பல்பும் வயரும் கருகிவிடும். மிகப் பழைய சில பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ் முனையே எர்த்தாக இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். கார் பேட்டரியிலிருந்து எடுப்பதானால் கார் எஞ்சின் நின்றிருக்க வேண்டும்.

சிவப்பு வயரை முதலில் நம் பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையைக் கார் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்பு வயரைக் கார் பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் கடைசி முனையை நம் வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். இதில் காரணம் உண்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி இணைப்பில் பொறி தெறிக்கும். அது பேட்டரிக்கு அருகில் தெறித்தால் வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். எனவே பீடி, சிகரெட் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உப்பிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு வயர் போடவே கூடாது.

இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பட்டனை அழுத்துங்கள். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது விடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெடும். வண்டி கிளம்பியதும், மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள்.

சத்தமே கோளாறைச் சொல்லும்

விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் பியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள்.

டக் டக் டக் என்று விடாமல் அடித்து விளக்கு மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது முனை தளர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு டக் சத்தம், விளக்கு மங்கவில்லை என்றால், ரிலேயின் உள்முனை தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை என்றால் ஒன்வே கிளட்ச் போயிருக்கும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபின் மேல் பழி இல்லை. பெட்ரோல், சோக், பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்த்தால்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று கடையில் இருப்பது நல்லது. வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. பட்டனை அழுத்தும்போது 9.5க்குக் கீழே இறங்கினால், நிற்கும்போது 12.6 காட்டினாலும் அந்தப் பேட்டரியில் பலம் இல்லை. எஞ்சின் ஓட, சற்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் வரவு வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைக்கிறது என்று பொருள். நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றினார்கள். மூன்றாவது வாங்கும் முன்புதான் ரெகுலேட்டரைப் பார்த்தார்கள்.

கடை வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அரைக் கிலோமீட்டர் ஓடி அணைப்பது, மறுபடி கிளப்புவது என்று நாளெல்லாம் நடந்தால் செலவு மிகுந்து வரவு குறைகிறது. வாரம் ஒருநாள் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். அல்லது இரவில் சிறு சார்ஜரில் போடுங்கள். 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். கார் பேட்டரிக்கு ஏற்றும் வேகத்தில் ஏற்றினால் கெட்டுப்போகும். தண்ணீர் ஊற்றும் வகையானால் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மாற்றும்போது பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக் கொள்ளுங்கள்.

வயர் போட்டு வண்டி கிளம்பிவிட்டது என்று அன்றோடு மறந்துவிடாமல், மாலையில் கடைக் கணக்கு முடித்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி மீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி கெட்டதா, வயர் கெட்டதா, வரவு கெட்டதா என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.