அறுந்த காதைத் தைக்கலாம், ஒட்ட வேண்டாம்



கூடைக் கயிறு தோட்டில் மாட்டும். மடியில் கிடக்கிற பிள்ளை பிடித்து இழுக்கும். பாரமான தோடு வருடக்கணக்காய் இழுத்து ஓட்டையைப் பெரிசாக்கும். இப்படிக் காது அறுந்தவர்கள் நமது லயங்களில் பலர். "அறுந்தது அறுந்ததுதான்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியில்லை.

எங்கள் பிரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவுக்கு மகளின் சடங்கு வந்தது. வெறுங்காதோடு நிற்க வெட்கம். கொழும்பில், வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சியிடம் போனார். அங்கே ஒரு கடையில் "மருந்து வைத்து ஒட்டலாம், பத்து நிமிஷ வேலை" என்றார்கள். சீட்டுக் காசைக் கொடுத்து ஒட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் காது வீங்கிச் சீழ் வைத்தது. சடங்கன்று சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு நின்றார். புண் ஆறிய பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கட்டணம் இல்லை.

ஏன் ஒட்டாது?

பழைய அறுப்பின் இரண்டு ஓரத்திலும் தோல் வளர்ந்துவிடும். தோலும் தோலும் ஒட்டாது. ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டும்போது பட்டையைச் சீவித்தானே கட்டுகிறோம்? டாக்டரும் ஓரத்துத் தோலை மெல்லிசாக எடுத்துவிட்டு, உள்சதையைச் சேர்த்துத் தைக்கிறார். கடைக்காரர் வைக்கிற மருந்து காதைச் சுட்டுப் புண்ணாக்கலாம்.

இது புது வைத்தியமும் இல்லை. பழைய சுசுருத சம்ஹிதையிலேயே காது மடலைச் சேர்க்க 15 முறைகள் சொல்லியிருக்கிறது.

எப்படிச் செய்வார்கள்?

காதை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஒரு கிழமை, பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். மறுபடி காது குத்த மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். தழும்பின் மேல் குத்தாமல் பக்கத்தில் குத்தி, பாரமில்லாத தோடு போடுங்கள். சீனி வருத்தம், பிரஷர் இருந்தாலும், தழும்பு தடித்து வளருகிற உடம்பு என்றாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்றைக்கே அறுந்தால்?

சுத்தத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசியும் கேளுங்கள். மஞ்சளோ சாம்பலோ அப்ப வேண்டாம். துண்டு கழன்றுவிட்டால் ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு போங்கள். துண்டில் ஐஸ் நேரே படக் கூடாது.

பிள்ளைகளுக்கு

பிறந்த பிள்ளையின் காது மடங்கியிருந்தால் முதல் கிழமைகளிலேயே மருத்துவிச்சியிடம் காட்டுங்கள். அப்போது கத்தியில்லாமலே அச்சு வைத்துச் சரிசெய்ய முடியும். காது வெளியே தள்ளியிருந்து மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகு சத்திர சிகிச்சை செய்யலாம். காது மடல் இல்லாமலோ சின்னதாகவோ பிறந்தால் முதலில் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு பிள்ளையின் விலா எலும்புப் பக்கத்துக் குருத்தெலும்பை எடுத்தே மடல் செய்வார்கள். கொழும்பில் பிள்ளைகளுக்கென்றே பொரளையில் சீமாட்டி ரிஜ்வே ஆஸ்பத்திரி இருக்கிறது.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். கிளினிக்கில் தவணை கிடைக்க நாள் எடுக்கலாம். சடங்கோ கல்யாணமோ வருகிறதென்றால் நாலைந்து மாதம் முந்தியே போங்கள். விபரம் தெரியாவிட்டால் பிரட்டுக்களத்தில் என்னைக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.