வளர்த்துக் கொடுத்த நாய்க்குட்டியைப் பிரிதல்

பார்வை இழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றி நேயர்களில் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். நாயின் தோளில் பூட்டிய வாரின் கைப்பிடியை எசமானர் பற்றியிருக்க, வண்டிகள் நெருங்கி ஓடும் தெருவை அது நிதானமாகக் கடந்து செல்லும் காட்சியைப் படங்களிலேனும் கண்டிருக்கலாம். அந்நாய் எசமானரின் கைக்கு வருமுன் ஓராண்டுக்கு மேலாக வேறொரு வீட்டில் வளர்ந்தது என்பதும், அவ்வீட்டார் ஒருநாள் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினர் என்பதும் பலர் அறியாத செய்தி. நம் நாட்டில் இத்தகைய நாய்கள் மிக அரியவை. ஆதலின் இவ்வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் கொண்டே இதனை விளக்க வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் பொருட்டு 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளி ஒன்று ஏற்பட்டது. சுவிட்ஸர்லாந்தில் வாழ்ந்த அமெரிக்க மாது டாரதி ஹாரிஸன் யூஸ்டிஸ், ஜெர்மனியில் இவ்வேலையைக் கண்டு வியந்து 1927-இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதைப் பிறர் படிக்கக் கேட்ட மாரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற அமெரிக்க இளைஞர், மறு ஆண்டே கடல் கடந்து சென்று ஒரு பெண் நாயோடு திரும்பினார். அதற்கு முன்னர் இட்டிருந்த பெயர் ‘கிஸ்’, அதாவது முத்தம். நடுத்தெருவில் ஓர் ஆண்மகன் கூவி அழைக்கத் தக்க பெயரன்று என எண்ணினார் போலும். ‘பட்டி’, அதாவது தோழன், என மாற்றிக்கொண்டார். 1929-இல் இவ்விருவர் முயற்சியால் ‘ஸீயிங் ஐ’ என்னும் ஸ்தாபனம் தோன்றியது.

தொடக்கத்தில் வளர்ந்த நாய்களையே தேடிப் பெற்றுப் பழக்கினர். அவற்றுள் தெருவின் ஓசைக்கு அஞ்சுவனவும் மனிதரை நம்பாதனவும் உண்டு. அத்தகையவற்றைக் கழித்துவிட நேர்ந்தது. குட்டிப் பருவத்திலேயே குடும்பங்களில் விட்டு வளர்ப்பதே இதற்குப் பரிகாரம் எனக் கண்டனர். 1942-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், ‘போர்-எச்’ என்னும் சிறுவர் சங்கங்களைச் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் ஸீயிங் ஐ குட்டிகளை விடலாயிற்று. இங்கிலாந்தில் இம்முறை 1956-இல் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்காட், புல்லர் என்னும் அறிஞர் இருவர் நூற்றுக்கணக்கான நாய்க்குட்டிகளை ஆராய்ந்தனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையில் குட்டியின் மனம் எதனோடு பழகுகிறதோ அதனோடு என்றும் இணங்கி நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவேதான் ஏழு எட்டு வாரக் குட்டியை நாய்க்கூடத்தில் வைத்திராமல் ஒரு வீட்டில் சேர்த்துவிடுகின்றனர்.

வளர்ப்போர் வழிகாட்டும் வித்தையைக் கற்பிப்பதில்லை. தெருவைக் கடப்பதும், மேடுபள்ளம் கண்டு நிற்பதும், ஆபத்தான இடத்தில் எசமானர் ‘போ’ என்றாலும் போகாமல் மறுப்பதும் பின்னர்ப் பள்ளியில் பல மாதப் பயிற்சியால் வருவன. வீட்டார் கொடுப்பது அதற்கு முந்திய படிப்பு. குட்டியை வெளியே மலங்கழிக்கப் பழக்குவர். மேசை மீதுள்ள உணவைக் கண்டும் வாளாவிருக்கப் பழக்குவர். பேருந்து, புகைவண்டி நிலையம், மாடிப்படி, கடைவீதி, இடியோசை, குழந்தையின் அழுகை ஆகிய அனைத்தையும் அறிமுகம் செய்வர். இரவில் இருமுறை எழுந்து அதனை வெளியே கொண்டுபோவதும், கடித்துக் குதறிய செருப்பைப் பொறுத்துக்கொள்வதும் அவர்கள் பங்கு. இவ்வாறு பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கழிகிறது. பின் பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது.

இப்பிரிவின் கொடுமை விசித்திரமானது. செல்லப் பிராணி இறந்ததென்றால் அயலார் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வர். உயிரோடு, நலமாக, நல்ல காரியத்திற்குச் சென்ற நாய்க்காக அழுவோரிடம், ‘கொடுப்பதற்குத்தானே வளர்த்தீர்கள்?’ என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது வலியைக் குறைப்பதில்லை. ஊரில் உற்றாரை விட்டுப் பிழைப்புக்காகத் தொலைவில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பிரிவுக்குத் தக்க காரணம் இருப்பது ஒன்று. பிரிவு வருத்தாமை முற்றிலும் வேறு.

பிரியப்போகிறோம் என்பது முன்பே தெரியுமாதலால், அளவாக அன்பு வைத்தால் என்ன என்று சிலர் எண்ணுவதுண்டு. இது குட்டிக்குச் செய்யும் தீங்கு என்றே கூறுவேன். மனிதரிடம் முழு நம்பிக்கை கொண்ட நாய்தான் பின்னர் மற்றொருவரைத் தன் எசமானராக ஏற்று அவருக்காகக் கவலைப்படும். அன்பை அளந்து கொடுத்தால் அளந்த நாயே திரும்பக் கிடைக்கும்.

‘நாய் என்ன நினைக்கும்? நாம் கைவிட்டதாக எண்ணுமோ?’ என்பதுதான் வளர்த்தோரை இரவில் உறங்கவிடாத கேள்வி. புதிய கூடத்தில் முதல் சில நாட்கள் நாய் கலங்குவதும் உணவை மறுப்பதும் உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அங்கே வேறு நாய்களின் துணையும், நாள்தோறும் ஒரே பயிற்சியாளரின் கையும், சுறுசுறுப்பான வேலையும் கிடைக்கின்றன. பெரும்பாலானவை விரைவில் தேறிவிடுகின்றன. அதே சமயம் வளர்த்தோரை அவை மறப்பதுமில்லை. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் நாய் மணத்தாலும் குரலாலும் அறிந்து வால் குழைப்பதைப் பலர் கண்டிருக்கின்றனர். சற்று நேரம் கொஞ்சிவிட்டுத் தன் புதிய எசமானரின் காலடியில் போய்ப் படுத்துக்கொள்வதையும் கண்டிருக்கின்றனர். பின்னதைக் காண நெஞ்சுரம் வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருப்பின், குட்டி வந்த நாளன்றே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ‘ஊருக்குப் போய் வரும்’ என்று ஏமாற்றுவது பின்னர்ப் பெருந்துன்பமாக முடியும். குட்டியின் பழக்கங்கள், அச்சங்கள், அதற்குப் பிடித்த விளையாட்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நல்ல முறை. பள்ளிக்கும் உதவும், பிள்ளைகளின் கைகளுக்கும் ஒரு வேலையாகும். ஒப்படைக்கும் நாளில் விடைபெறுதல் சுருக்கமாக இருக்கட்டும். நீண்டு அழுதால் நாய் காரணம் புரியாது கலவரப்படும். அழுகையை வீட்டுக்குத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்வது நலம். அதன் உணவுத் தட்டையும் படுக்கையையும் அன்றே அகற்றுவதா, சில நாள் விட்டுவைப்பதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. உடனே மற்றொரு குட்டியை ஏற்போர் பலர். வெறுமை தாங்காமல் ஏற்பதைவிட, ஆசை வந்தபின் ஏற்பதே குட்டிக்கு நியாயம் என்பது என் கருத்து.

நியூயார்க் மாநிலத்தில் 1997 முதல் சிறைக்கைதிகளும் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கொடுத்து வருகின்றனர். தாம் இருக்கும் மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு, அக்குட்டி வெளியே செல்வதை அவர்கள் காண வேண்டும். பிரிவில் இதனினும் கடுமையானது உண்டோ? ஆயினும் அவர்களுள் மீண்டும் மீண்டும் வளர்ப்போர் இருக்கின்றனர்.

வெளியே சொல்லாத ஓர் ஆசையும் உண்டு. நாய் தேர்வில் தவறி வீட்டுக்கே திரும்பிவிடாதா என்பதே அது. எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை என்பது உண்மை. இடுப்பு மூட்டுக் கோளாறு, தோல் ஒவ்வாமை, பேரோசைக்கு அஞ்சுதல், அணிலைக் கண்டால் தன்னை மறந்து பாய்தல், இவற்றுள் ஒன்று போதும் விலக்கப்படுவதற்கு. அவ்வாறு விலக்கப்படுவதைப் பல பள்ளிகள் முதலில் வளர்த்த வீட்டாருக்கே தர முன்வருகின்றன. அப்பொழுது மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒரே நேரத்தில் வந்து சேரும். இந்த ஆசைக்காக வெட்கப்பட வேண்டுவதில்லை. அணிலைத் துரத்தக் கற்றுக்கொடுக்காமலிருந்தால் போதும்.

தேறிய நாயைக் காணும் வாய்ப்பு பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் சான் ரபேல் நகரத்துப் பள்ளியில், பயிற்சி நிறைவு விழாவன்று வளர்த்தவரே மேடையேறி நாயின் வாரைப் பார்வையற்றவர் கையில் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஸீயிங் ஐ வேறு வழியைக் கைக்கொள்கிறது. பயிற்சியாளரோடு நாய் மாரிஸ்டவுன் நகரத் தெருக்களில் நடந்துவருவதை வளர்த்தோர் தொலைவில் நின்று, நாய் அறியாதவாறு பார்த்துச் செல்லலாம். கடின மனமுடைய முறை என்று தோன்றினும், நாயின் கவனம் சிதறாதிருக்க இதுவே தக்கது எனலாம்.

இந்நாய்கள் சுமார் எட்டு முதல் பத்து வயது வரை பணி செய்கின்றன. ஓய்வு பெற்றதைப் பார்வையற்றவரே தம்மிடம் வைத்துக்கொள்ள இயலாதபோது, சில பள்ளிகள் வளர்த்த வீட்டாருக்குக் கடிதம் எழுதிக் கேட்கின்றன. அப்பொழுது வந்து சேருவது முகவாய் நரைத்து, படியேறத் தயங்கும் கிழ நாய். அதை ஏற்போர் மெத்தையைக் கீழ்த்தளத்திலேயே விரித்துவைப்பது நல்லது.